சுறாப் பிடிப்புத் தடையும் அதைத் தாங்கி நிற்கும் மக்களும்

சுறா பிடிப்பதை ஒரு நாடு தடை செய்துவிட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்தத் தடை உண்மையில் எதைத் தடுக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சுறாத் தடை என்ற ஒரே பெயரில் நான்கு வகைச் சட்டங்கள் உலகில் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின் நோக்கமும் வேறு, விளைவும் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் தடையை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் இரண்டுமே தவறான இடத்தில் போய் முடியும்.

முதல் வகை, துடுப்பறுப்பைத் தடுக்கும் சட்டம். சுறாவின் இறைச்சிக்குக் குறைந்த விலையும் துடுப்புக்கு மிக உயர்ந்த விலையும் கிடைப்பதால், கப்பலில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகத் துடுப்புகளை மட்டும் அறுத்துக்கொண்டு, உயிர் போகாத உடலையும் கடலிலேயே வீசிவிடும் வழக்கம் பல நாடுகளின் ஆழ்கடல் கப்பல்களில் பரவியது. அதை நிறுத்துவதற்காக, பிடித்த சுறாவைத் துடுப்புகள் உடலோடு ஒட்டியிருக்கும் நிலையில்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி உருவாயிற்று. இந்தியா இதனை 2013-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் வகை, துடுப்பு வணிகத்தைத் தடுக்கும் சட்டம். நம் கரைகளில் பீலி என்று வழங்கும் சுறாத் துடுப்பின் ஏற்றுமதியை இந்தியா 2015-இல் நிறுத்தியது. கனடா 2019-இல் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் நிறுத்தியது. மூன்றாம் வகை, அழிவின் விளிம்பில் உள்ள சில இனங்களை மட்டும் பெயர் குறிப்பிட்டுக் காப்பது. நான்காம் வகைதான் முழுத் தடை: ஒரு நாட்டின் கடல் எல்லைக்குள் எந்தச் சுறாவையும் பிடிக்கவோ, விற்கவோ, ஏற்றுமதி செய்யவோ கூடாது என்பது.

இவற்றுள் எது சுறாவைக் காக்கிறது? 2024-இல் வெளிவந்த ஒரு விரிவான உலக ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. துடுப்பறுப்பைத் தடுக்கும் சட்டங்கள் உலகெங்கும் பெருகிய அதே காலத்தில், மீன்பிடிப்பால் இறக்கும் சுறாக்களின் எண்ணிக்கை குறையவில்லை. 2012-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.6 கோடியாக இருந்தது, 2019-இல் 8 கோடிக்கு மேல் உயர்ந்திருந்தது. காரணம் எளியது. துடுப்பை மட்டும் அறுக்கக் கூடாது என்று சொன்னால், முழுச் சுறாவையும் கரைக்குக் கொண்டுவந்து இறைச்சியையும் விற்கத் தொடங்குகிறார்கள். இறைச்சிக்கென்றே ஒரு சந்தை வளர்கிறது. இறக்கும் சுறாவின் எண்ணிக்கை குறைவதில்லை. சுறா பிடிப்பதையே தடுத்த கடற்பகுதிகளில்தான் இறப்பு குறைந்திருந்தது. துடுப்பறுப்புத் தடை ஒரு கொடுமையை நிறுத்துகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கொடுமையை நிறுத்துவதும் இனத்தைக் காப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டிவிட்டது.

சரி, பிற மீன்களைப் பிடிப்பதுபோல் சுறாவையும் பிடித்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மத்தி போன்ற மீன் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. ஓராண்டுக்குள் முதிர்ந்து தானும் முட்டையிடுகிறது. அதனால் ஓர் ஆண்டு மிகுதியாகப் பிடித்துவிட்டாலும் சில ஆண்டுகளில் மீண்டு வரும் வாய்ப்பு அதற்கு உண்டு. சுறாவின் வாழ்க்கை முறை பெரும்பாலும் யானையைப் போன்றது. பல இனங்கள் பருவமடையவே பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. ஓராண்டோ அதற்கு மேலோ கருச்சுமந்து, சில குட்டிகளை ஈனுகின்றன. ஆழ்கடலில் வாழும் கல்பர் சுறா ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியைத்தான் போடுகிறது. அதற்கும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சுமக்கிறது. இப்படிப்பட்ட ஒன்றை ஆண்டுதோறும் டன் கணக்கில் அள்ளினால் அது திரும்பி வர வழியே இல்லை. எல்லாச் சுறாவும் இப்படி என்று சொல்லிவிடவும் முடியாது. நம் வீடுகளில் புட்டு அவிக்கும் பால் சுறா சிறியது, இரண்டு மூன்று ஆண்டுகளில் முதிர்வது, அளவான பிடிப்பை ஒப்பீட்டளவில் தாங்கக்கூடியது. இந்த வேறுபாட்டைப் பின்னால் பேசும்போது நினைவில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் முழுத் தடைக்கு எதிரான வலுவான வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

திறந்த கடலில் திரியும் சுறாக்களும் திருக்கைகளும் 1970-க்குப் பிறகு 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021-இல் கணக்கிடப்பட்டது. சுறா, திருக்கை குடும்பங்களைச் சேர்ந்த இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் உள்ளன. 58 நாடுகளில் 371 பவளத்திட்டுகளில் கேமராக்களை இறக்கி நடத்திய மற்றொரு ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குத் திட்டுகளில் ஒரு சுறாகூடப் படமாகவில்லை.

சுறா குறைந்தால் கடலுக்கு என்ன ஆகும் என்பதை விளக்க மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே விரிகுடாவைவிடச் சிறந்த இடம் இல்லை. அங்கே கடல்தரையில் பரந்த புல்வெளி இருக்கிறது. அந்தப் புல்லை மேய ஆவுளியாக்களும் ஆமைகளும் வருகின்றன. அவற்றைத் தின்ன புலிச்சுறாக்கள் வருகின்றன. பல ஆண்டுகள் அங்கே தங்கி ஆராய்ந்தவர்கள் கண்டது, புலிச்சுறா எத்தனை ஆவுளியாக்களைத் தின்றது என்பதைவிட, அதைக் கண்டு அவை எங்கே மேய அஞ்சின என்பதே புல்வெளியைத் தீர்மானிக்கிறது என்பதுதான். சுறா திரியும் காலத்தில் மேய்பவை ஓரிடத்திலேயே நின்று வேர்வரை தின்பதில்லை. விளிம்புகளில் மேய்ந்து நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அதனால் புல் தழைக்கிறது. அந்தப் புல்லுக்குள் மீன்குஞ்சுகள் வளர்கின்றன, மண்ணுக்குள் கரிமம் (கார்பன்) சேர்ந்து தங்குகிறது. வேட்டையாடும் விலங்கின் பணி கொல்வது மட்டுமன்று, அச்சத்தால் பிறவற்றை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதும்தான். எல்லாக் கடலிலும் இதே சங்கிலி இதே வலுவோடு இயங்குகிறது என்று சொல்வது மிகை. சுறா போனால் ஓரிரு ஆண்டுகளில் கடலே செத்துவிடும் என்று பரப்பப்படும் எளிய கதைகள் சிலவற்றை அறிவியலாளர்களே மறுத்திருக்கிறார்கள். சுறாவின் தேவையை நிலைநாட்ட அந்த மிகைகள் வேண்டியதும் இல்லை.

இனி, தடையை ஒரு நாடு எப்படி ஏற்றது, ஏற்றதை எப்படிக் காத்தது என்பதைப் பார்க்கலாம். முழுத் தடை விதித்த முதல் நாடு பசிபிக்கில் உள்ள பலாவு. அது 2009-இல் நடந்தது. அடுத்த ஆண்டே, 2010-இல், நமக்கு மிக அருகில் உள்ள மாலத்தீவு தன் கடல் எல்லை முழுவதும், அதாவது சுமார் 9 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், சுறா பிடிப்பதையும் விற்பதையும் நிறுத்தியது. நம் சமையலறைக்கு மாசிக்கருவாடு அனுப்பிய நாடு அது. நாம் தோணி என்பதை அவர்களும் தோணி என்றே சொல்கிறார்கள்.

மாலத்தீவில் சுறா பிடிப்பு புதிதல்ல. ஈரலில் எடுத்த எண்ணெயை மரத் தோணிகளுக்குப் பூசுவதற்காக முன்னோர் அளவாகப் பிடித்து வந்தனர். இயந்திரப் படகும் துடுப்புச் சந்தையும் வந்த பிறகு அந்த அளவு போயிற்று. துடுப்பு கிழக்காசியாவுக்கும், உப்பிட்டு உலர்த்திய இறைச்சி இலங்கைக்கும் சென்றது. 1980 வாக்கில், ஈரல் எண்ணெயிலிருந்து அழகுப் பொருள்களுக்கான ஸ்குவாலீன் எடுப்பதற்காக ஆழ்கடல் கல்பர் சுறாவைப் பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தொழில் உச்சத்தைத் தொட்டது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் பிடிக்கச் சுறா இல்லாமல் சரிந்தது. இரண்டு ஆண்டுகள் சுமந்து ஒரு குட்டி போடும் உயிரினத்துக்கு வேறு முடிவு இருந்திருக்க முடியாது.

தடைக்கான மக்கள் ஆதரவு இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த சுற்றுலா. சுறாவைப் பார்ப்பதற்கென்றே முக்குளிப்பவர்கள் அந்நாட்டுக்கு வருகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கணக்குப் போட்டார்கள்: பிடித்து விற்றால் ஒரு சாம்பல் திட்டுச் சுறாவுக்கு ஒரே ஒரு முறை 32 டாலர் கிடைக்கும்; உயிரோடு முக்குளிப்பு இடத்தில் நீந்தவிட்டால் அதே சுறாவால் ஆண்டுக்குச் சராசரியாக 3,300 டாலர் வரும். மிகப் புகழ்பெற்ற ஓர் இடத்தில் அது ஒரு சுறாவுக்கு 33,500 டாலராக இருந்தது. இந்தக் கணக்கு அரசின் மனத்தை மெல்ல மாற்றியது. 1995-இல் அம்மணி உழுவை என்னும் திமிங்கலச் சுறா காக்கப்பட்டது. 1998-இல் சுற்றுலாப் பவளத்தீவுகள் ஏழில் பத்தாண்டுத் தடை வந்தது. அதன் பின்னர்தான் முழுத் தடை.

மற்றொரு பக்கம் அதிகம் பேசப்படாதது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. மாலத்தீவின் உயிர்த்தொழில் சூரை பிடிப்பு. வலை இல்லாமல், கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சூரையைத் தூக்கும் அந்த மீனவர்கள், திறந்த கடலில் சுறா பிடிப்பவர்களைத் தடைக்கு நெடுநாள் முன்பே எதிர்த்து வந்தார்கள். சூரைக் கூட்டத்தோடு சேர்ந்து திரியும் சுறாக்கள்தாம் அந்தக் கூட்டத்தைச் சிதறாமல் மேல்மட்டத்தில் வைத்திருக்கின்றன, சுறாவைப் பிடித்துவிட்டால் சூரையும் போய்விடுகிறது என்பது அவர்கள் கடலில் கண்டு சொன்னது. சுற்றுலா நிறுவனமோ வெளிநாட்டு இயக்கமோ சொல்லிக்கொடுத்ததல்ல. நாட்டின் மீனவர்களில் மிகப் பெரும்பான்மையினர் சூரைக்காரர்கள்; சுறாவையே நம்பி வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்திருந்தால், 2010-இன் சட்டம் அவ்வளவு எளிதாக வந்திருக்காது.

அந்த மிகச் சிலருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர்களிடமிருந்து தூண்டில்களையும் சாதனங்களையும் அரசு விலைக்கு வாங்கிக்கொள்ள முயன்றது. வேறு தொழிலுக்கு உதவுவதாகவும் சொன்னது. அந்த உதவி போதவில்லை என்ற குறை தீவுகளில் தொடர்ந்து இருந்தது. காலப்போக்கில் இன்னொரு குறையும் சேர்ந்தது: சுறா பெருகிவிட்டது, தூண்டிலில் மாட்டிய மீனைப் படகுக்கு ஏற்றும் முன்பே சுறா கடித்துக்கொண்டு போகிறது, பாதித் தலையும் வெறும் தூண்டிலும்தான் கைக்கு வருகின்றன என்று மீனவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். இதைத் தடையை ஒழிக்க விரும்புவோரின் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது. சுறா மீண்டு வந்த இடங்களில் நடக்கக்கூடியதுதான் இது. சுறாவால் வரும் இலாபம் சுற்றுலாவுக்கும், சுறாவால் வரும் இழப்பு சிறு மீனவருக்கும் போய்ச் சேரும்போது ஆதரவு எங்கே தேயத் தொடங்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

2021-இன் தொடக்கத்தில், சுறா பிடிப்பை மீண்டும் அனுமதிப்பது பற்றி ஆலோசிப்பதாக மாலத்தீவின் மீன்வள அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தபோது இது வெளிப்படையாகச் சோதனைக்கு வந்தது. முக்குளிப்பு நிலையங்களும், தீவுகளின் இளைஞர்களும், உள்நாட்டு, வெளிநாட்டு அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தனர். சில வாரங்களுக்குள், ஏப்ரல் மாதத்தில், தடை தொடரும் என்று அமைச்சகம் அறிவித்தது. ஆனால் 2025-இல் அரசு வேறொரு முடிவுக்கு வந்தது: கல்பர் சுறாவை மட்டும் கட்டுப்பாடுகளோடு மீண்டும் பிடிக்கலாம் என்பது. 1980-களில் சரிந்த அதே இனம், அதே ஈரல் எண்ணெய். உள்நாட்டிலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தும் அரசு அந்த முடிவில் நின்றது. முக்குளிப்பவர் கண்ணில் படும் திட்டுச் சுறாவுக்குக் குரல் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள்; வெளிச்சம் போகாத ஆழத்தில் வாழும், யாரும் படம் எடுக்காத ஒரு சுறாவுக்கு அந்தக் குரல் குறைவாகவே கிடைக்கிறது என்பது இதிலிருந்து நான் அறிந்துகொண்ட கசப்பான பாடம். ஸ்குவாலீனை ஒலிவத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுக்க வழி இருக்கும் காலத்தில் இது நடக்கிறது என்பது வருத்தத்தைக் கூட்டுகிறது.

மக்கள் ஆதரவு என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் துடுப்பு வணிகத்தை நிறுத்தக் கோரிய ஒரு முன்முயற்சிக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் கையெழுத்திட்டார்கள். உலகில் மிகுதியாகச் சுறா பிடிக்கும் நாடுகளில் ஒன்றான ஸ்பெயின் அந்த ஒன்றியத்தில் இருப்பதால் அந்தக் கையெழுத்துகளுக்குப் பெரிய மதிப்பு உண்டு. எனினும் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சுறா பிடிக்காமல் இருப்பதால் எந்த இழப்பும் இல்லை. இழப்பற்றவரின் ஆதரவு சட்டத்தைக் கொண்டுவர உதவும். இரவில் கரை தெரியாத தொலைவில், யாரும் பார்க்காத இடத்தில், தூண்டிலில் வந்த சுறாவை வெட்டுவதா விடுவதா என்று தீர்மானிக்கும் கை வேறொருவருடையது. அவருடைய சம்மதத்தைப் பெறாத சட்டம் எப்படிப் போகும் என்பதற்கு இந்தியாவே எடுத்துக்காட்டு.

2001 ஜூலையில் இந்திய அரசு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சுறா, திருக்கை, வேளா (ரம்பம் போல் நீண்ட மூக்குடையது), உழுவை (சுறாவும் திருக்கையும் கலந்தாற்போன்ற உருவமுடையது) என அனைத்தையும் ஒரேயடியாகச் சேர்த்தது. அதாவது பால் சுறாவைப் பிடிப்பதும் புலியைக் கொல்வதும் சட்டத்தின் முன் ஏறத்தாழ ஒரே தட்டில் வந்தன. கடற்கரையில் வாழ்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே அரசு பின்வாங்கி, திமிங்கலச் சுறா, வேளா இனங்கள் உள்ளிட்ட பத்து இனங்களை மட்டும் பட்டியலில் நிறுத்தியது. அந்தச் சில மாதத் தடை காத்த சுறாவைவிட, வளர்த்துவிட்ட அவநம்பிக்கை அதிகம் என்றே எண்ணுகிறேன். பின்வந்த ஒவ்வொரு விதியையும் கரையோர மக்கள் அந்த நினைவோடுதான் பார்க்கிறார்கள்.

குமரி மாவட்டத்துத் தூத்தூரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. நூற்றுக்கணக்கான தூண்டில்களை ஒரே நெடுங்கயிற்றில் கட்டி, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிப்பதில் இந்தியாவிலேயே அவர்களுக்கு இணை இல்லை. கொச்சியிலிருந்து புறப்பட்டு மாலத்தீவுக் கடல் எல்லை வரை செல்லும் படகுகளில் அவர்கள் இருக்கிறார்கள். பிடித்த சுறாவை முழுதாகக் கரைக்குக் கொண்டுவந்து இறைச்சியையும் விற்பவர்கள் என்பதால், துடுப்பறுப்பு என்ற குற்றச்சாட்டு அவர்களுக்குப் பொருந்தாதது. 2015-இல் துடுப்பு ஏற்றுமதி நின்றபோது அவர்கள் பிடிப்பின் விலை சரிந்தது. பலர் சூரைக்கு மாறினார்கள். தடையின் சுமை யார் தோளில் விழுகிறது என்று கேட்டால் இவர்களைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. சம்மட்டி போன்ற தலையுடைய கொம்பன் சுறாவும் கல்பர் சுறாவும் முழுமையாகக் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதற்காக இழப்பவருக்கு ஈடு தருவது சட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதிலும் ஐயம் இல்லை. பால் சுறாவைப் பொறுத்தவரை, அளவுக்கட்டுப்பாடும் சினைக்காலத் தவிர்ப்பும் முழுத் தடையைவிடப் பொருத்தமானவை என்று கருதுகிறேன்.

ஈடும் மதிப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் குஜராத்தின் வேராவல் கரை காட்டியது. அங்கே 1990-களில் நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களை ஈரலுக்காகவும் இறைச்சிக்காகவும் கொன்றுகொண்டிருந்தார்கள். 2001-இல் சட்டப் பாதுகாப்பு வந்தும் கரையில் அதைப் பற்றிய அறிவு இல்லை. 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. மக்கள் பெரிதும் போற்றும் கதைசொல்லி மொராரி பாபு அதற்காகப் பேசினார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப்போல அந்தச் சுறா குஜராத் கரைக்கு வருகிறது, வந்த மகளைக் கொல்லலாமா என்ற அவர் பேச்சு மீனவக் குடியிருப்புகளில் இறங்கியது. சுறாவுக்கு ‘வாலி’, அதாவது செல்லமானவள், என்று பெயரும் வந்தது.

பேச்சோடு நின்றிருந்தால் அது ஒரு விழாவாக முடிந்திருக்கும். வலையில் அகப்பட்ட பத்து மீட்டர் நீளச் சுறாவை விடுவிக்க வேண்டுமானால் வலையை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டப்படும் வலை மீனவரின் ஓராண்டு முதலீடு. எனவே வெட்டிய வலைக்கு மாநில வனத்துறை பணம் தர முன்வந்தது. தொடக்கத்தில் அதிகாரிகள் வந்து பார்க்கும் வரை சுறாவை வலையிலேயே வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் சுறா களைத்துப் போகும். பிறகு மீனவர்கள் கையிலேயே கேமரா கொடுக்கப்பட்டது. வலையை வெட்டும்போது அவர்களே படம் எடுத்துக் காட்டினால் போதும், அதுவே சான்று. இப்படி அந்தக் கரையில் இதுவரை 900-க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பியிருக்கின்றன; ஒரு காலத்தில் அவற்றைக் குத்திக் கொன்ற ஊர்களின் மீனவர்களே அந்த வலைகளை வெட்டினார்கள்.